போயா நாளில் வளர்ந்த படலம்

போயா நாட்களில் அந்த நீலத் தொட்டி என்னுடையது. மற்ற நாட்களில் அது பட்டறையுடையது. சாயம் ஏற்றிய அலுமினியக் கோப்பைகளைக் கடைசியாக அலசுவது அதில்தான். மூன்று கலன் தண்ணீர் பிடிக்கும். விளிம்பில் ஒரு சிறிய வெடிப்பு. வேறு குறையில்லை என்று என் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

வாரம் சந்திரனைப் பார்த்து ஓடிய வருடங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைக்கு மதிப்பில்லை, பௌர்ணமி, அமாவாசை, இடையில் அரைநிலா என்று வரும் போயா அன்றுதான் கடைகளும் கந்தோர்களும் மூடும். சில வாரம் ஏழு நாளில் முடியும், சில வாரம் எட்டு நாளுக்கு இழுக்கும். எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும் அது வசதியாக இருந்தது. போயா அன்று பொலிஷ் மோட்டார்கள் ஓடாது, ஆகவே மேசை அதிராது. பக்கத்துக் கராஜில் லொறிகள் சும்மா நிற்கும், ஆகவே பற்றரிகளை இரவல் வாங்கலாம். உலை மூட்டப்படாது, ஆகவே அறை சூடாகாது. இந்த மூன்றாவது வசதிதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

பட்டறை மாத்தளை நகரத்தின் வடக்கு விளிம்பில் இருந்தது. கேத்தல், சட்டி, இடியப்பத் தட்டு, இவற்றோடு பொன்னிறத்திலும் சிவப்பிலும் தண்ணீர்க் கோப்பைகள். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. கோப்பைகள்தான் வேலை. கப்பலில் வந்துகொண்டிருந்த சாயம் நின்றுபோனதால், பத்திக் துணிக்குப் போடும் சாயத்தை வைத்து நிறம் ஏற்ற வேண்டியிருந்தது. அது பிடிக்கிறதா, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க என்னை எடுத்தார்கள். சேர்ந்த மூன்றாம் மாதம் முதலாளி என் மேசைக்கு வந்து நின்றது நினைவிருக்கிறது.

"மகள், நம்மட கோப்பை கலேவெலச் சந்தையில ரெண்டு மாசத்துல வெளுத்துப் போகுதாமே. சாயம் பொய்யா, நாம பொய்யா?"

"ரெண்டும் இல்ல முதலாளி. சாம்பல் போட்டுத் தேய்க்கிறாங்க."

"சாம்பல் போடாம வேற எதப் போட்டுத் தேய்க்கிற?"

அலுமினியத்தின் மேல் ஒரு படலம் இருக்கிறது, சாயம் அதன் துளைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது, சாம்பலில் உள்ள காரம் அந்தப் படலத்தையே தின்றுவிடும் என்று விளக்கினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"அப்ப கோப்பைக்குள்ள ஒரு கடுதாசி போடுவம். சாம்பல் போடாதீங்கன்னு."

"படிப்பாங்களா முதலாளி?"

"படிக்க மாட்டாங்க. ஆனா நாம சொன்னம்னு ஈக்கும்."

அந்தப் படலத்தைப் பற்றித்தான் நான் நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்குத் தேவையான அளவுக்கு அல்ல, அதைவிட மிக அதிகமாக.

அலுமினியம் உண்மையில் பொறுமையில்லாத உலோகம். காற்றுப் பட்டதும் ஒட்சிசனோடு சேர்ந்துவிடும். ஆனால் சேர்ந்த கணத்திலேயே தன்மேல் ஒரு ஒட்சைட்டுப் படலத்தை விரித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வெளியிலுள்ளது உள்ளே வர முடியாது, உள்ளேயுள்ள உலோகமும் வெளியே போக முடியாது. சட்டி சட்டியாக இருப்பது அதனால்தான். இரும்பும் இப்படி அடங்கும் என்பதைப் பல்கலைக்கழகக் கெம்பஸில் இரண்டாம் வருடத்தில் பார்த்தேன். தண்ணீர் கலந்த ஐதான நைத்திரிக்கமிலத்தில் ஆணியைப் போட்டால் கபில நிறப் புகை கிளம்பி ஆணி கரைகிறது. மிகச் செறிந்த அமிலத்தில் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. அந்த ஆணியை மெல்ல எடுத்து ஐதான அமிலத்துக்கு மாற்றினாலும் ஒன்றும் நடப்பதில்லை. கண்ணாடிக் கோலால் ஒரு கீறல் போட்டால் போதும், புகை பொங்கிக்கொண்டு வரும். வகுப்பில் எல்லோரும் புகையைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் அதற்கு முந்திய அமைதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவரும் கைதட்டவில்லை.

அவரோடு நான் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான். தொடங்கியதே சண்டையில். உலோகம் ஏன் அடங்குகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று, பல அணுக்கள் தடிப்பில் ஒட்சைட்டு ஒரு சுவராக எழும்பி மறிக்கிறது என்பது. மற்றது, சுவரெல்லாம் பிறகு வருவது, மேற்பரப்பில் ஒரேயொரு அடுக்கு ஒட்சிசன் ஒட்டிக்கொண்டாலே உலோகத்தின் பசி தீர்ந்துவிடும் என்பது. நான் சுவர்க் கட்சி. அவர் அடுக்குக் கட்சி.

"நீங்க ஏன் எப்பவும் சுவர் கட்டுறீங்க?" என்பார்.

"நீங்க ஏன் எப்பவும் மெல்லிய துணி ஒண்ணைப் போட்டு மூடிட்டு முடிஞ்சுதுன்னு சொல்றீங்க?"

"துணி போதும்னா சுவர் எதுக்கு?"

"காத்தடிச்சாத் தெரியும்."

இரண்டு வருடம் இப்படியே போனது. வேறெதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டம் முடிந்தபோது செய்முறை வகுப்புகளுக்கு உதவியாளராக ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. அவருக்குப் பரீட்சைப் புள்ளிகள் என்னைவிடக் கூட. இடம் அவருக்குப் போனது. அதில் எனக்குக் கோபமில்லை. நான் தேர்வு செய்திருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு வந்தேன்.

அவர் மாதம் ஒருமுறை சதுரக்கோடு போட்ட ஒரு கொப்பியைத் தபாலில் அனுப்புவார். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் நூலகத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்றுதான் வந்துகொண்டிருந்தன. வந்தவற்றில் படலம் பற்றிய கட்டுரைகளை அவர் முழுவதும் கையால் பிரதியெடுத்து அனுப்பினார். சமன்பாடுகள் கறுப்பு மையில், வளைகோடுகள் பென்சிலில். கரையில் சிவப்பு மையில் அவருடைய ஆட்சேபங்கள். நான் ஆட்சேபங்களை முதலில் படிப்பேன், பிறகுதான் கட்டுரையை.

அப்படி வந்த ஒன்றில்தான் சுவர் எப்படி வளர்கிறது என்ற மாதிரி இருந்தது. படலத்துக்குள் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டும். நடுவில் ஒரு மேடு. மின்புலம் அந்த மேட்டைச் சற்றுச் சரித்துக் கொடுக்கிறது. கொஞ்சம் சரித்தாலே தாவுகிறவற்றின் தொகை பல மடங்கு பெருகும். ஆனால் படலம் தடிக்கத் தடிக்க அதே வோல்ற்றளவு அதிக தூரத்துக்குப் பங்கிடப்படுகிறது, மேடு மறுபடி நிமிர்கிறது, வளர்ச்சி ஓய்கிறது. ஓயாமல் வளர வேண்டுமானால் வோல்ற்றளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மின்னோட்டத்தை மாறாமல் பிடித்து வைத்தால், நேரத்துக்கு எதிரே வோல்ற்றளவு ஒரு நேர்கோடாக ஏறும் என்று மாதிரி சொன்னது. ஒரு வோல்ற்றுக்கு எவ்வளவு தடிப்பு என்பதும் அதிலிருந்து வரும். ஒரு தலைமுடியை ஐம்பதாயிரம் கீற்றாகப் பிளந்தால் அதில் ஒரு கீற்று.

அதைப் படித்த நாளில் பட்டறையில் ஒரு கேத்தல் மூடியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி, "மூடி சரியில்லையா மகள்?" என்று கேட்டார்.

அடுத்த கொப்பியோடு ஒரு கடிதமும் வந்தது. அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது, கப்பல் ஏறுகிறார். அவருடைய இடம் காலியாகிறது. துறைத்தலைவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பட்டம் முடித்து வெளியில் போன ஒருவரை எடுப்பதற்கு, அவர் சும்மா இருக்கவில்லை என்று காட்ட ஏதாவது வேண்டும் என்று தலைவர் சொன்னாராம். பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது வோல்ற்று வரை வளர்த்த ஐந்து படலங்கள், ஐந்து கோடுகள், அவற்றிலிருந்து தடிப்பு. ஆளைத் தெரிவு செய்யும் குழு கூடும் முன் கையில் கிடைத்தால் போதும். "உங்கள் சுவரை நீங்களே கட்டிக் காட்டுங்கள்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

எண்ணிப் பார்த்தேன். இடையில் இரண்டு போயாக்கள் இருந்தன.

அந்த இடம் கிடைத்தால் அவருடைய மேசைதான் எனக்கு வரும். அவர் இருக்கமாட்டார். இதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் அந்த மேசை வேண்டும் என்றே இருந்தது. நன்மை தீமை என்று பட்டியல் போட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு வேண்டும் என்று இருந்தது.

தேவையானவற்றுக்குப் பட்டியல் போட்டேன். பட்டறையின் சல்பூரிக்கமிலத் தொட்டி உதவாது, அதில் துளையுள்ள படலம்தான் வரும். எனக்குத் துளையில்லாத படலம் வேண்டும். அதற்குப் போரிக்கமிலமும் வெண்காரமும் கரைத்த தண்ணீர். போரிக்கமிலம் கரம்போர்ட் பலகைக்குப் போடும் மாவாக விளையாட்டுச் சாமான் கடையில் கிடைத்தது. வெண்காரம் நகை செய்யும் பத்தரிடம். "நகை உருக்கப் போறீங்களாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "கெம்பஸுக்குப் போகப் போறேன்" என்றேன். அது பதிலாகாது என்பது கடையை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. தண்ணீருக்கு மழைநீர்; கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சத்து இருக்கும் என்பதற்காக நான்கு நாள் கூரையிலிருந்து பிடித்தேன். தகடுகள், பட்டறையில் வெட்டியெறிந்த துண்டுகளிலேயே நல்லவை. பற்றரிகள் ஐந்து, அறுபது வோல்ற்று. மின்னோட்டத்தைக் கையால் சரிசெய்ய மின்னடுப்பின் பழைய கம்பிச் சுருள்.

முதலாளியிடம் கேட்டபோது அவர் இரண்டு விஷயம்தான் யோசித்தார்.

"தீப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

"தனியாவா வருவீங்க?"

"ஆமா."

"அது சரி வராது மகள். ஊர் பேசும். கழுவுற அக்காவையும் வரச் சொல்லுங்க. துணைக்கு ஒக்காந்திருக்கட்டும்."

கழுவுகிற அக்கா என்றால் பொலிஷ் போட்ட பாத்திரங்களிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிறவர். நாற்பது வயதிருக்கும். மேலே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டிலிருந்து நடந்து வருவார். காரத் தண்ணீரில் வருடக்கணக்காகக் கைகளை விட்டெடுத்ததில் விரல் நுனிகளில் ரேகை அழிந்திருந்தது. துணைக்கு வந்தவர் சும்மா இருக்க மறுத்துவிட்டார்.

"நா என்ன மிஸ் பொம்மையா? எனக்கும் ஒரு வேல குடுங்க."

எனக்கும் இரண்டு கைகள் போதவில்லைதான். ஒரு கண் அம்பியர்மானியில் இருக்க வேண்டும், கை கம்பிச் சுருளில். வோல்ற்றுமானியையும் கடிகாரத்தையும் அவரிடம் கொடுத்தேன். பத்து செக்கனுக்கு ஒருமுறை ஊசி நிற்கும் எண்ணைச் சொல்ல வேண்டும்.

முதல் போயா பாதி பழகுவதிலேயே போனது. சுருள் சூடானது, இரண்டு தகடு வீணானது. மூன்றாவது தகட்டில் அக்காவின் குரல் சீரானது.

"ரெண்டு. நாலு. ஆறு. எட்டு. பத்து. என்ன மிஸ் இது, வாய்ப்பாடு சொல்ற மாதிரியே ஏறுது!"

பத்து வோல்ற்றுத் தகடு முடிந்தது, இருபதும் முடிந்தது. தேநீர் குடிக்கும்போதே வரைதாளில் புள்ளிகளைக் குத்தினேன். அடிமட்டத்தை வைத்தபோது புள்ளிகள் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டன. எங்கோ யாரோ தாளில் யோசித்துச் சொன்ன ஒன்று, மாத்தளையில் கோப்பை அலசும் தொட்டியில் அப்படியே நடந்திருந்தது. நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. அது அப்படித்தான் இருக்கிறது என்பதால். அந்த மகிழ்ச்சியைச் சொல்ல எனக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்காதான் இருந்தார்.

"கோடு நேரா வந்திருக்குக்கா."

"நேரா வந்தா?"

"கெம்பஸ்ல இடம் கெடைக்கலாம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப போயிருவீங்களா?"

"கெடைச்சாப் போவேன்."

"நல்லாப் போங்க மிஸ். இங்க இருந்து இந்தச் சட்டியோடயும் முட்டியோடயும் என்ன செய்றது." பிறகு தாளை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இத ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியாதீங்க. கண்ணு படும்."

இரண்டாவது போயாவுக்கு முப்பது, நாற்பது, ஐம்பது மீதமிருந்தன. காலையிலேயே கரைசலை நன்றாகக் கலக்கி வைத்தேன். என் கொப்பியில் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே ஒழுங்கு எழுதியிருந்தது: கலக்கு, தகட்டைக் கழுவு, பொருத்து, தொடங்கு, எழுது. தகட்டைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போய் வந்தேன். முப்பது வோல்ற்று அழகாக ஏறியது. அக்கா ஒவ்வொரு எண்ணையும் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிறகு ஒழுங்கின்படி கரைசலைக் கலக்கினேன், அடிவரை கரண்டியை விட்டு. நாற்பதுக்கான தகட்டைப் பொருத்தினேன்.

"ரெண்டு. நாலு. ஆறு. ஏழு. ஏழு. ஆறு." அக்கா நிறுத்தினார். "மிஸ், ஊசி எறங்குது."

"சொல்லிக்கிட்டே இருங்க."

"நாலு. நாலு. மூணு."

தகட்டை வெளியே எடுத்தேன். ஊசியால் குத்தியது போலப் பத்துப் பதினைந்து இடங்களில் சாம்பல் நிறக் குழிகள். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. புதிய தகட்டைப் பொருத்தினேன், அதேதான். இன்னொன்று, அதேதான். பற்றரிகளைச் சோதித்தேன், முடிச்சுகளைச் சோதித்தேன். கடைசியில், ஆய்வுகூடத்தில் எதையும் நாவில் வைக்கக் கூடாது என்று முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்ததை மீறி, விரலைத் தொட்டியில் விட்டு நாவில் வைத்தேன்.

உப்பு.

உப்பிலுள்ள குளோரைட்டு பட்டால் படலம் குழிவிழும் என்பது புத்தகத்தில் இருந்தது. அதற்காகத்தான் நான்கு நாள் மழைநீர் பிடித்திருந்தேன்.

"அக்கா, இந்தத் தொட்டியில ஏதாச்சும் போட்டீங்களா?"

அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. "போட்டேனே. நீங்க குழாயடிக்குப் போனப்ப, உப்பெடுத்து இந்த மேசை, மிசினு எல்லாத்தையும் மூணு தரம் சுத்தி, நீங்க ஒக்கார்ற கதிரையையும் சுத்திப் போட்டேன். எப்பவும் உலையிலதான் போடுவேன். இன்னைக்கி உலை மூட்டலியே. தண்ணியில போட்டாலும் கரைஞ்சிரும்ல, கண்ணூறும் அப்பிடியே கரைஞ்சிரும்."

"இந்தத் தண்ணியிலயா?"

"வெறுந் தண்ணிதானே மிஸ் இது? மணமும் இல்ல, நெறமும் இல்ல. அமிலத் தொட்டியாயிருந்தா நா கிட்டயே போயிருக்க மாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, சுத்திப் போட்டும் இப்பிடிக் கோளாறாகுதுன்னா எவ்வளவு பெரிய கண்ணு பட்டிருக்கும்!"

நான் கலக்கும் வரை உப்பு அடியில் கிடந்திருக்கிறது. என் ஒழுங்குதான் அதைத் தொட்டி முழுவதும் பரப்பியது. மழைநீர் மிச்சமில்லை. கரம்போர்ட் மாவும் மிச்சமில்லை, கடைகள் பூட்டு. அடுத்த போயாவுக்கு முன் குழு கூடிவிடும்.

"சரிக்கா, இன்னைக்கிப் போதும்" என்றேன். உப்புதான் காரணம் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும், அவருக்கு ஆறாது என்று நினைத்தேன். இருவரும் பற்றரிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கராஜில் வைத்தோம்.

அன்று வீட்டில் எழுத உட்கார்ந்தபோது என்முன் மூன்று வழிகள் இருந்தன. மூன்று நேர்கோடுகளை மட்டும் அனுப்புவது. உடைந்த கோடுகளையும் சேர்த்து, உப்பை வேண்டுமென்றே நான்தான் போட்டதாக எழுதுவது. அப்படி எழுதினால் நல்ல யோசனையாகத் தெரியும். அல்லது நடந்ததை எழுதுவது. இரண்டாவதுதான் என்னை அதிகம் இழுத்தது. ஏனென்றால் உடைந்த கோடுகள் உண்மையில் நேர்கோடுகளைவிடச் சுவையானவை. அலுமினியத்தில் தன் கட்சி பலவீனம் என்று பக்கத்து மேசைக்காரரே ஒப்புக்கொள்வார். ஆனால் உடைவு தொடங்கும் புள்ளியில்? குளோரைட்டு சுவருக்குள் புகுந்து அதை இளக்குகிறதா, அல்லது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒட்சிசனைத் தள்ளிவிட்டுத் தான் உட்காருகிறதா? ஊசி ஏழில் நின்று தயங்கிய அந்த இருபது செக்கனில் என்ன நடந்தது? அவர் பக்கத்தில் இருந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டை மறந்து சண்டை பிடித்திருப்போம். நான் தோற்றிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"கரைசலில் தவறுதலாகக் கறியுப்பு சேர்ந்தது, அளவு தெரியாது" என்று எழுதி, எல்லாக் கோடுகளையும் வைத்துத் துறைத்தலைவருக்குத் தபாலில் போட்டேன்.

நான்காம் நாள் துறைத்தலைவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. குழு நாளை மறுநாள் காலை கூடுகிறது. உப்பின் அளவு தெரிந்தால் மட்டுமே கடைசி மூன்று கோடுகளையும் கணக்கில் எடுக்கலாம், இல்லையென்றால் அவற்றை விட்டுவிட வேண்டியிருக்கும்.

இனி அக்காவிடம் சொல்லாமல் இருக்க வழியில்லை. மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் அவரைச் சாயம் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் கூட்டிப் போனேன்.

"அக்கா, அன்னைக்கிப் போட்ட உப்பு எவ்வளவு இருக்கும்?"

"ஒரு கை."

"அதே மாதிரி ஒரு கை இதில போடுங்க."

உப்புப் போத்தலுக்குள் கையை விட்டார். கை பாதியில் நின்றது. "எதுக்கு மிஸ்?"

சொன்னேன். முடிந்தவரை சுருக்கமாக. உப்பு அந்தப் படலத்துக்கு ஆகாது, அதனால்தான் ஊசி இறங்கியது என்று.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"நான் கலக்கலைன்னா ஒண்ணும் ஆயிருக்காது."

"அத விடுங்க. நாந்தானே போட்டேன்?" அவர் குரல் உயரவில்லை. "நீங்க போகக்கூடாதுன்னு நெனச்சுப் போடல மிஸ். புள்ளைங்க மேல சத்தியமா. நெனப்பு இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீங்க போயிட்டா இங்க யாரு இருக்கா, எல்லாம் ஆம்புளைங்க. ஆனா அத நெனச்சுக்கிட்டு உப்பெடுக்கல."

"எனக்குத் தெரியும்கா."

"எப்பிடித் தெரியும்?"

தராசுத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். "போடுங்க" என்றேன். மூன்று தரம் கைப்பிடி போட்டார். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தாறு கிராம். மூன்றாவது தரம் பிடி சரியாக இல்லாமல் கூட விழுந்ததாக அவரே சொன்னார், அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையே குழு கூடுகிறது. தபால் போய்ச் சேருமா என்று நம்ப முடியவில்லை. அன்றே அரைநாள் லீவு கேட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கெம்பஸுக்குப் போனேன். கடித உறையைத் துறைக் கந்தோரில் கொடுத்தேன். திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஆய்வுகூடத்தின் கதவு திறந்திருந்தது, உள்ளே எவருமில்லை.

அவருடைய மேசை துடைத்து வெறுமையாக இருந்தது. அவர் கப்பலேறிப் பத்து நாளாகியிருந்தது. மேசைமேல் இரும்புத் தாங்கியின் அடித்தட்டு நின்ற இடத்தில் துரு ஒரு சதுரமாகப் படிந்திருந்தது. என் பழைய மேசையில் யாரோ ஒரு மாணவியின் மேலங்கி. வாயுக் குழாயின் மணம், ஈரக் கண்ணாடியின் மணம், யன்னலுக்கு வெளியே அதே மரம். நான் நாற்காலியை இழுத்து அவருடைய மேசையில் உட்கார்ந்தேன். கையைப் பலகையில் வைத்தேன். இங்கேயே இருக்க வேண்டும் என்று இருந்தது. அது குறையும் வரை இருந்துவிட்டு எழும்பலாம் என்று பார்த்தேன். குறையவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதால் எழும்பினேன்.

இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து கோடுகளும் சரியாக வந்திருந்தாலும் கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது; முதல் வகுப்பில் தேறிய ஒருவரும் விண்ணப்பித்திருந்தார். கடிதம் நியாயமானதாக இருந்தது. உப்புச் சேர்ந்த கோடுகள் தொடர்ந்து பார்க்கத்தக்கவை, வசதியிருந்தால் செய்யவும் என்று கடைசியில் ஒரு வரி.

கடலுக்கு அப்பாலிருந்து அவருடைய கடிதமும் ஒன்று வந்தது. அங்கே மின்னோட்டத்தைத் தானாகவே மாறாமல் பிடிக்கும் இயந்திரம் இருக்கிறதாம், கையே வைக்க வேண்டாமாம். சுவர்க் கட்சி அங்கே பெரும்பான்மை என்றும், தனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்றும் எழுதியிருந்தார். ஓரத்தில் சிவப்பு மை இல்லை. ஆட்சேபிக்க நான் ஒன்றும் அனுப்பியிருக்கவில்லையே.

அக்காவிடம் செய்தியைச் சொன்னேன்.

"கெடைக்கலியா மிஸ்?"

"இல்லக்கா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த போயா அன்று நான் கூப்பிடவில்லை. வந்து வோல்ற்றுமானியின் முன் உட்கார்ந்திருந்தார். மடியில் கடிகாரம்.

"இன்னைக்கி எவ்வளவு போடணும்?" என்றார்.

"அரைக் கிராம். நான் நிறுத்துப் போடுறேன்."

"நீங்களே போடுங்கம்மா. நா அந்தப் பக்கமே வரல."

இப்போது ஒரு போயாவுக்கு ஓர் அளவு என்று வைத்திருக்கிறேன். அரைக் கிராமில் கோடு முப்பதுக்கு மேல் போய் வளைகிறது. ஒரு கிராமில் இருபதை எட்டும் முன்பே. வளையுமுன் ஊசி ஒவ்வொரு தடவையும் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குச் சுவர் மாதிரியில் சரியான விளக்கம் இல்லை, அடுக்கு மாதிரியில் இருக்கலாம். இதை அவருக்கு எழுதத்தான் வேண்டும். எழுதினால் அது போய்ச் சேர மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். நான் கேட்க விரும்புவது ஆறு வாரம் கழித்து வரும் பதிலை அல்ல. ஊசி தயங்கும் அதே நேரத்தில், பக்கத்து மேசையிலிருந்து, "பார்த்தீங்களா?" என்று வரும் ஒரு சொல்லை.

"பதினெட்டு. பதினெட்டு" என்கிறார் அக்கா. "மிஸ், எழுதுறீங்களா? பதினெட்டுலேயே நிக்குது."

"எழுதுறேன்" என்கிறேன்.